கரண்ட் போகாத இடத்து எஞ்சினியர்

மின்சாரப் பராமரிப்பில் நல்ல பெயர் வாங்க வேண்டுமென்றால் முதலில் கரண்ட் போக வேண்டும். இந்த வேலையில் கிடந்து அவதிப்படுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

ஓமான் நாட்டின் சோஹாரில் ஒரு தொழிற்சாலையில் நானும் தினேஷும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். நான் திருச்சி, அவன் சேலம். ஆபீஸ், கேம்ப், மெஸ் எல்லாம் அவன் பொறுப்பு. அங்கே டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரலை நேராகப் பூமியில் இறக்கியிருக்கிறார்கள். எங்காவது ஒயர் கசிந்து பூமியைத் தொட்டால் பெரிய கரண்ட் பாயும், பிரேக்கர் படாரென்று விழும், இருட்டாகிவிடும். பம்ப் ஹவுஸ் என் பொறுப்பு. பம்ப் நின்றால் தொழிற்சாலையே நின்றுவிடும் என்பதால், அங்கே நியூட்ரலுக்கும் பூமிக்கும் நடுவில் ஒரு பெரிய ரெசிஸ்டரை வைத்திருக்கிறார்கள். அதே கோளாறு என் இடத்தில் வந்தால் துளி கரண்ட்தான் பாயும். ஒரு மஞ்சள் விளக்கு எரியும், ஒரு பஸ்ஸர் முனகும், பம்ப் அதுபாட்டுக்கு ஓடும். ஆனால் இன்னொரு ஃபேஸில் இரண்டாவது கோளாறு வந்தால் பேனலே வெடிக்கலாம். அதற்குள் முதலாவதைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு.

எங்கள் இருவரில் ஒருவருக்கு சீனியர் பதவி என்று பேச்சு வந்தது. சீனியர் என்றால் பழைய இடத்தை விட்டு எல்லா இடத்தையும் மேற்பார்க்கும் வேலை, ஃபேமிலி விசா, கேம்பை விட்டுத் தனி ஃபிளாட். என் மகளை ஒன்றாம் வகுப்பில் இங்கே சேர்ப்பதா, திருச்சியிலேயே சேர்ப்பதா என்பது அதில்தான் இருந்தது. அன்றிலிருந்து தினேஷைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

லெக் பீஸ்

ஒரு வெள்ளிக்கிழமை மெஸ்ஸில் கரண்ட் போனது. நல்ல வெயில் காலம். பிரியாணிக்கு உட்கார்ந்தவர்கள் ஏசி நின்றதும் பனியனோடு எழுந்து கத்த ஆரம்பித்தார்கள். தினேஷ் வந்தான், தண்ணீர் புகுந்த கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கினான், பிரேக்கரைத் தூக்கிவிட்டான். மெஸ்ஸே கைதட்டியது.

அன்று காலையில்தான் நான் ஒரு பம்ப் மோட்டாரின் டெர்மினல் பெட்டிக்குள் ஈரம் இறங்கியிருந்ததைக் கண்டுபிடித்து, மாற்று பம்ப்பை ஓடவிட்டு, சரிசெய்துவிட்டு வந்திருந்தேன். தினேஷ் தட்டில் இரண்டு லெக் பீஸ், என் தட்டில் கழுத்து. சமையல்காரர் முருகேசண்ணனிடம் நியாயம் கேட்டேன். "அவரு வேலை செஞ்சுட்டு வந்திருக்காரு சார், சாப்பிடட்டும்" என்றார்.

மீட்டரும் நானும்

கோளாறைத் தேடுவதற்கு என் ரெசிஸ்டரில் ஒரு சுவிட்ச் உண்டு. அதைப் போட்டால் பூமிக்குப் போகும் கரண்ட் கூடிக் குறையும். அப்புறம் கிளாம்ப் மீட்டரை ஒவ்வொரு கேபிளாக மாட்டிக்கொண்டே நடக்க வேண்டும். எந்தக் கேபிளில் அளவு ஏறி இறங்குகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு போனால் கோளாறு இருக்கும் இடம் வரும். பார்க்கிறவர்களுக்கு வேலையில்லாதவன் உலாத்துவதுபோல இருக்கும்.

பம்ப் ஹவுஸ் ஆபரேட்டர் இர்ஃபான் பாய், பாகிஸ்தான்காரர். பஸ்ஸர் சத்தம் பிடிக்காமல் அதில் பழந்துணியை அடைத்து வைத்திருந்தார். நான் அதைப் பிடுங்கிவிட்டு மீட்டரோடு நடந்தபோது, டீயை உறிஞ்சிக்கொண்டே ஹிந்தியில் கேட்டார்: "பாய், தினேஷ் வந்தா லைட் வருது. நீ வந்தா என்ன வருது?"

திருச்சியிலிருந்து போன்

தினேஷை மேடையில் ஏற்றி ஷீல்டு கொடுத்தார்கள். காரணம், ஆபீஸில் அடிக்கடி போன கரண்டை அவன் அடிக்கடி கொண்டுவந்தது. அவன் மனைவி சுதா அந்தப் போட்டோவை என் மனைவி மகாவுக்கு அனுப்பிவைத்தாள். கூடவே, ஃபிளாட்டுக்குத் திரைச்சீலை நீலத்தில் எடுக்கலாமா என்று யோசனையும் கேட்டிருக்கிறாள். பதவியே இன்னும் முடிவாகவில்லை, அதற்குள் திரைச்சீலை.

நான் மகாவிடம் ரெசிஸ்டரைப் பற்றிப் பொறுமையாக விளக்கினேன். என் இடத்தில் கரண்ட் போகாமல் இருப்பதே என் திறமை என்றேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "எல்லாம் சரிங்க, ஒரே ஒரு தடவை போனாத்தான் என்ன?"

ஆறிப்போன டீ

அவள் சொன்னது மனதில் உட்கார்ந்துவிட்டது. அடுத்த முறை மஞ்சள் விளக்கு எரிந்தபோது நான் மீட்டரை எடுக்கவில்லை. டீயை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கண்ணாடி அறையில் உட்கார்ந்தேன். இரண்டாவது கோளாறும் வரட்டும், எல்லாம் நிற்கட்டும், எல்லாரும் ஓடிவரட்டும், நான் சரிசெய்து காட்டுகிறேன் என்று கணக்குப் போட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இர்ஃபான் பாய் பேனலுக்கு முன்னால் விரிப்பைப் போட்டுத் தொழுதுகொண்டிருந்தார். வெடித்தால் முதலில் அவர்தான். டீயை வைத்துவிட்டு எழுந்தேன்.

தினேஷ் அந்தப் பக்கம் வந்தவன், கேட்காமலேயே டார்ச் பிடித்தான். அவன் நல்லவனாக வேறு இருந்து தொலைப்பதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். உரசித் தேய்ந்த கேபிளை நான் பிரித்து மூடும்வரை பக்கத்திலேயே நின்றான். "உன்னைப் பாத்தா பொறாமையா இருக்கு மாப்ள, ஒருத்தனும் உனக்கு போன் பண்ணி திட்டுறதில்ல" என்றான்.

முதீரின் அறை

எங்கள் மேனேஜர் எகிப்துக்காரர். சைட்டில் எல்லாருக்கும் அவர் முதீர், அரபியில் மேனேஜர் என்று அர்த்தம். பதவி தினேஷுக்கு என்று ஆனதும் நேராக அவர் அறைக்குப் போனேன். என் பம்ப் ஹவுஸ் நின்றதே இல்லை, அது கண்ணில் படவில்லையா என்று கேட்டேன். கோபத்தில் மகள், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

முதீர் எனக்குக் காவா என்கிற அரபுக் காபியை ஊற்றிக் கொடுத்தார். என் பெயரைத்தான் முதலில் எழுதியிருந்தாராம். கையெழுத்துப் போடுவதற்கு முன் தினேஷைக் கூப்பிட்டு, நான் எப்படி என்று கேட்டிருக்கிறார். அவன் என்னைப் பற்றி அரை மணி நேரம் உருகிப் பேசியிருக்கிறான். முதீர் தன் இங்கிலீஷில் சொன்னது இதுதான்: "நீ இல்லாவிட்டால் பம்ப் ஹவுஸ் ஒரு வாரம்கூடத் தாங்காது என்று சொன்னான். அப்புறம் உன்னை எப்படி அங்கிருந்து எடுப்பேன்?"

சுதா வந்து இறங்கிவிட்டாள், என் மகள் திருச்சியில் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள், இந்தக் கம்பெனியில் என்னைப் பற்றி நல்லதாகப் பேசிய ஒரே ஆள் தினேஷ் என்பதால் இனிமேல் அவனைத் திட்டக்கூட எனக்கு வழியில்லை.