ஞாயிற்றுக்கிழமை பார்த்த கரை

ஐம்பத்திரண்டு வயதில்தான் யோசப்பின் முதன்முறையாக ஒரு குழுவில் சேர்ந்தாள். அதுவரை அவள் சேர்ந்ததெல்லாம் வரிசைகளில். நிவாரண வரிசை, பதிவு வரிசை, இடம்பெயர்ந்து சாவகச்சேரியில் கிடந்தபோது தண்ணீர் வரிசை, திரும்பி வந்தபின் வீட்டுத்திட்ட வரிசை. வரிசையில் நிற்பவளிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. அதனால், நகரின் பொருளாதார அபிவிருத்தி ஆலோசனைக் குழுவுக்குத் தொண்டர்கள் தேவை, தொழில் செய்யும் பெண் ஒருவருக்கும் இடமுண்டு என்ற அறிவித்தல் மாதா கோயில் பலகையில் ஒட்டப்பட்டிருந்ததை அவள் நின்று இரண்டு தரம் வாசித்தாள்.

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த கணவன் லெனாட் தலை நிமிராமலே கேட்டான்.

"சம்பளம் இருக்கோ?"

"இல்லை."

"பஸ் காசு?"

"அதுவும் இல்லை."

"தேத்தண்ணி?"

"தருவினமாம்."

"அப்ப கட்டாயம் போ. வீட்டுத் தேயிலையாவது மிஞ்சும்."

அவள் போனது தேநீருக்காக அல்ல. குருநகரில், கடல்நீரேரிக்கும் வீதிக்கும் நடுவில் ஒரு மணல் துண்டு இருந்தது. இருபத்துமூன்று பெண்கள் அங்கேதான் மீனைக் கீறி, உப்பிட்டு, தட்டிகளில் பரப்பிக் கருவாடு போட்டார்கள். அவர்களில் எவரிடமும் அந்த மண்ணுக்கு உறுதிப் பத்திரம் இல்லை. அண்மையில் இரண்டு தரம் அளவு நாடாவோடு சிலர் வந்து போயிருந்தார்கள். "எதுக்கண்ணை அளக்கிறியள்?" என்று கேட்டதற்கு, "சும்மாதான் அக்கா" என்றார்கள். சும்மா எவரும் நிலம் அளப்பதில்லை என்பது போரைப் பார்த்த பெண்ணுக்குத் தெரியும். நகரத் திட்டத்தில் அந்த இடத்துக்கு நேரே 'கருவாடு உலர்த்தும் இடம்' என்று ஒரு வரி எழுதுவிக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் நோக்கம்.

முதல் கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை, பத்து மணிக்கு. பிரதம விருந்தினர் பிந்தி வந்ததில் பத்தரை தாண்டிவிட்டது. இராகுகாலத்தில் குத்துவிளக்கு ஏற்றக்கூடாதாம். ஒன்பது உறுப்பினர்கள், அதில் இரண்டு பட்டதாரிகள், வானத்தில் இல்லாத ஒரு பாம்புக்குப் பயந்து ஒன்றரை மணித்தியாலம் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டுக்கு விளக்கேற்றி, பொன்னாடை போர்த்தி, உரையாற்றி முடித்தபோது சாப்பாட்டு நேரம். யோசப்பினுக்குப் பேச நேரம் கிடைக்கவில்லை. இரண்டாம் கூட்டத்திலும் கிடைக்கவில்லை.

மூன்றாம் கூட்டத்தில் அவள் அனுமதி கேட்காமலே எழுந்து நின்று கருவாட்டு இடத்தைப் பற்றிச் சொன்னாள். தலைவர் கோபிசங்கர் இளைப்பாறிய அதிகாரி. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல விஷயம் அம்மா. நாங்கள் வந்து நேரில பார்ப்பம். எந்த நாள் உங்களுக்கு வசதி?"

"ஞாயிற்றுக்கிழமை, சேர். பூசை முடிய வாங்கோ."

அவளுக்கு அதுதான் சரியான நாளாகப்பட்டது. சனி இரவு அந்தக் கோயில் பங்கில் எவரும் கடற்றொழிலுக்குப் போவதில்லை. ஆகவே ஞாயிறு மீன் இல்லை. மற்ற நாட்களில் முழங்கை வரை மீன் குடலோடு நிற்கும் பெண்கள், பெரிய மனிதர்களோடு எப்படிக் கதைப்பார்கள்?

சனிக்கிழமை முழுவதும் வேலை நடந்தது. "நாறுது எண்டு அவை மூக்கைப் பொத்தினமெண்டால் எங்களுக்கெல்லோ வெக்கம்" என்று யோசப்பின்தான் எல்லோரையும் விரட்டினாள். தட்டிகளைக் கழற்றி, அவர்களில் ஒருத்தியான றஜிதாவின் வீட்டு வளவில் அடுக்கினார்கள். உப்புத் தொட்டிகளையும் உருட்டிக்கொண்டு போனார்கள். செதிலையும் குடலையும் மண்ணுக்குள் தாட்டு, மணலைக் கூட்டி, தண்ணீர் தெளித்தார்கள். ஞாயிறு காலை திருநாளுக்குக் கட்டும் சேலைகளில் இருபத்துமூன்று பேரும் வரிசையாக நின்றார்கள். உழைப்பின் அடையாளத்தைத் துடைத்துவிட்டுத்தான் அதிகாரத்தின் முன் நிற்க வேண்டும் என்று எந்தப் பள்ளிக்கூடம் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது? எல்லாப் பள்ளிக்கூடமும்தான்.

குழு வந்தது. செயலாளர் தனுசியா கைத்தொலைபேசியில் படம் எடுத்தாள். சோடா குடித்தார்கள்.

"எவ்வளவு வடிவாய் வைச்சிருக்கிறியள்! மணமே இல்லை" என்றார் கோபிசங்கர்.

றஜிதா யோசப்பினின் விலாவில் இடித்தாள். "பாத்தியளே அக்கா! இனிப் பயமில்லை."

அன்று பின்னேரம் பெண்கள் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினார்கள்.

அடுத்த கூட்டத்தில் தனுசியா கள ஆய்வு அறிக்கையை வாசித்தாள். "மேற்படி கரைநிலம் தற்போது எவ்விதப் பயன்பாட்டிலும் இல்லை. சுத்தமான மணற்பரப்பு. படகுச் சவாரித் துறையும் உணவகமும் அமைக்க உகந்தது." புரொஜெக்டரிலிருந்து சுவரில் படங்கள் விழுந்தன. வெறும் மணல், பின்னால் நீரேரி, ஓரத்தில் நல்ல சேலைகளில் சிரிக்கும் பெண்கள்.

யோசப்பின் எழுந்து நின்றாள். "அது ஞாயிற்றுக்கிழமை, சேர்! ஞாயிறு நாங்கள் மீன் போடுறேல்லை. நீங்கள் வாறியள் எண்டுதானே எல்லாம் எடுத்தனாங்கள்?"

"நாளைக் குறிச்சது நீங்கள்தானே, அம்மா?" என்றார் கோபிசங்கர்.

"ஓம், நான்தான். நாளைக்கே வாங்கோ. செவ்வாய்க்கிழமை வாங்கோ. கால் வைக்க இடமிருக்காது!"

"கள ஆய்வு ஒருக்காத்தான். படம் பொய் சொல்லுமே?"

படம் பொய் சொல்லவில்லை. எந்த நாளில் எடுத்தது என்பதை அது சொல்லவில்லை, அவ்வளவுதான். படகுத்துறைத் திட்டத்தோடு வந்திருந்த முதலீட்டாளரின் ஆள் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எதுவும் புதிதாயிருக்கவில்லை. திட்டத்துக்கு ஆதரவாக எட்டுக் கைகள் உயர்ந்தன. யோசப்பினின் எதிர்ப்பு 'உறுப்பினர் ஒருவரின் கருத்து கவனத்தில் எடுக்கப்பட்டது' என்று குறிப்பில் ஏறியது.

அவள் ஊருக்குத் திரும்பிச் சொன்னபோது பெண்கள் முதலில் நம்பவில்லை. "மாதா விடமாட்டா" என்றாள் ஒருத்தி. அடுத்த மாதம் கம்பித் தூண்கள் வந்து இறங்கின. மனிதர் போட்ட வேலியைத் தடுக்க மனிதர்தான் வர வேண்டியிருந்தது. எவரும் வரவில்லை. மனுக் கொடுக்கப் போன இடங்களில் எல்லாம் அந்தப் படங்களையே திருப்பிக் காட்டினார்கள்.

வேலி அடைபட்ட நாள் சாளை மீன் அள்ளி வந்த நாள். இரவே உப்பிட்ட மீனோடு பெண்கள் கம்பிக்கு வெளியே நின்றார்கள். வீதியோரத் தாரில் சாக்கை விரித்துப் பரப்பிப் பார்த்தார்கள். பஸ்காரன் ஹோன் அடித்துத் திட்டினான். வாகனப் புழுதி படிந்தது. நாய்கள் இழுத்தன. மூன்றாம் நாள் மீனில் புழு நெளிந்தது.

குழி வெட்டித் தாட்டார்கள். யோசப்பின் மண்வெட்டிக்குக் கை நீட்டியபோது றஜிதா கொடுக்கவில்லை.

"நீங்கள் விடுங்கோ அக்கா. கூட்டச் சொன்னதும் நீங்கள்தான், கழுவச் சொன்னதும் நீங்கள்தான். இதையாவது நாங்கள் செய்யிறம்."

றஜிதா சொன்னதில் பிழையான சொல் ஒன்றுமில்லை. தன் வயிற்றில் அடித்தவனின் முகம் தெரியாதபோது, தெரிந்த முகத்தைத்தான் மனிதர் நொந்துகொள்வார்கள். இதை அறிந்தேதான் அந்த எட்டுப் பேருக்கு நடுவில் இவளையும் இருத்தினார்களோ, என்னவோ.

"உந்தக் குழுவை விட்டெறி" என்றான் லெனாட். இந்தத் தரம் அவன் பகிடி விடவில்லை. "உவை உன்னைக் காட்டித்தானே எல்லாம் செய்யினம்."

"விட்டால் என்னப்பா நடக்கும்? வேறை ஆரையும் கூப்பிட்டு இருத்துவினம். அவளுக்கும் ஒருநாள் குறிக்கச் சொல்லுவினம்."

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் போனாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் மூக்கைச் சுளித்துத் தள்ளி இருந்தாள். யோசப்பின் அன்று கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவவில்லை.

முதல் விடயம், சென்ற கூட்டத்தின் குறிப்பை ஏற்றுக்கொள்வது.

"ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது, என்ன?" என்றார் தலைவர்.

"நான் ஏற்கேல்லை" என்றாள் யோசப்பின். "ஏகமனதாக எண்டு எழுதாதேங்கோ, பிள்ளை."

தனுசியாவின் பேனா நின்றது. அவள் தலைவரைப் பார்த்தாள். கோபிசங்கர் மணிக்கூட்டைப் பார்த்தார். பத்து இருபது. இராகுகாலத்துக்கு இன்னும் பத்து நிமிடம். விளக்கு இன்னும் ஏற்றவில்லை.

"நேரம் போகுது. எழுதுங்கோ, தனுசியா."

'ஏகமனதாக' என்றே அவள் எழுதினாள்.