தண்ணீர்ப் பல்லியின் முட்டைகள்

பல்லியைத் தண்ணீரில் போட்டு வளர்க்கிற கூத்தை நான் பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட பங்களாவில்தான் பார்த்தேன். மொத்தம் நாலு. தோட்டத்துத் துரையின் பெண்சாதி, எங்கள் துரைசாணி, சீமையிலிருந்து கப்பலில் கொண்டுவந்தவை. அவர் 'நியூட்' என்பார். பங்களாவில் வீட்டு வேலை பார்த்த எனக்கு அவை தண்ணிப் பல்லிகள், அவ்வளவுதான்.

பெண் பல்லி ஒவ்வொரு முட்டையாகப் பாசி இலையில் வைத்து, பின்னங்காலால் இலையை மடித்து மூடும். அப்படிப் பொத்தி வைத்துவிட்டு, பசி வந்தால் அதுவே தின்றும்விடும். என்ன தாயோ! அதனால் முட்டைகளை இலையோடு கிள்ளி வேறு பீங்கான் தட்டில் போடுவது என் வேலை. கண்ணாடி மாதிரி உருண்டைக்குள் கடுகளவு கறுப்பு தெரியும். நாலைந்து நாளில் அது நீளும், வளையும், பிறகு ஒரு நாள் அசையும்.

எனக்கு அப்போது நாலு மாதம். அதற்கு முன் இரண்டு தடவை கலைந்து போயிருந்தது. பைத்தியக்காரத்தனம்தான், மறைக்கவில்லை. இந்த முட்டைகள் பொரித்தால் என்னுடையதும் தங்கும் என்று மனதுக்குள் முடிந்துகொண்டேன்.

துரைசாணி பத்து நாள் கொழும்புக்குப் போனார். "தண்ணி ஒரு ராத்திரி சும்மா வை. அப்புறம் மாத்து" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரம் அடைமழை. பங்களாக் குழாயில் சேறாக வந்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பீலிக் குழாயில் கற்பாறைத் தண்ணீர், பளிங்காக விழும். வீட்டுத் தகர டின்னில் பிடித்து, ஒரு ராத்திரி அதிலேயே வைத்து, காலையில் தலையில் சுமந்து மேடேறினேன். என் பிள்ளைக்குச் செய்வதாகத்தான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் முட்டைகள் மங்கின. ஐந்தாம் நாள் எல்லாம் வெளுத்துப் பஞ்சு பூத்திருந்தன. ஒன்றாவது கறுப்பாக இருக்காதா என்று கோழி இறகால் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. கை வயிற்றுக்குப் போனது. பயத்தில் தொடாமலே இழுத்துக்கொண்டேன்.

துரைசாணி வந்ததும் தட்டைப் பார்த்தார், பிறகு தகரத்தைக் கேட்டார்.

"இது எங்கே கிடைச்சது?"

"எங்க வீட்டுக்காரரு கொண்டாந்ததுங்க. ஸ்டோர்ல காலியானது. சாம்பல் போட்டு நல்லாத் தேச்சுத்தாங்க வச்சிருக்கேன்."

தேயிலைக் கொப்புள நோய்க்கு அடிக்கிற செம்பு மருந்துப் பொடி வந்த தகரம் அது. கம்பிக் காது போட்டு, எங்கள் லயத்தில் வீட்டுக்கு ஒன்று வைத்திருந்தோம். துரைசாணி உள் விளிம்பில் விரலை ஓட்டினார். விரல் பச்சையாக வந்தது.

"நீ குடிக்கிறது இதுலயா?"

"ஆமாங்க."

"முட்டையைக் கொன்னது இந்தச் செம்புதான். இனி இதுல குடிக்காதே" என்று தகரத்தைத் தள்ளி வைத்தார். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலாம்.

அன்று சாயங்காலமே தகரத்தைப் பள்ளத்தில் வீசினேன். "நல்ல தகரத்தை எறிஞ்சிட்டியே, புத்தி கெட்டுப் போச்சா?" என்று புருஷன் குதித்தார். விஷயத்தைச் சொன்னதும் பீலிக்குப் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அந்த மருந்தைத் தினமும் முதுகில் சுமந்து அடித்தவர் அவர்.

மகள் பிறந்தாள், நன்றாகவே இருக்கிறாள். அந்த முட்டைகள் அவளுக்குப் பதிலாகச் செத்தன என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். அவளைக் குளிப்பாட்டும்போதெல்லாம் வெளுத்த தட்டு கண்முன் வந்து நிற்கும். பொறுக்க முடியாமல் ஒரு நாள், அந்தத் தகரத்துத் தண்ணீர் வயிற்றுப் பிள்ளையைக் கெடுக்குமா என்று தோட்ட ஆஸ்பத்திரி மருந்தையாவிடம் கேட்டேன். யாழ்ப்பாணத்து மனிதர். "அப்பிடி ஒண்டும் இல்லை, பிள்ளை. விசர்க்கதை கதையாதை" என்று சிரித்தார்.

அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். படித்தவர். ஆனால் தகரம் கல்யாணமான வருஷமே வீட்டுக்கு வந்தது. முதல் இரண்டு தடவையும் மசக்கையில் வேறெதுவும் தங்காமல், பிள்ளை காய்ந்துவிடக் கூடாது என்று, அதிலிருந்து மொண்டு மொண்டு தண்ணீர் குடித்தேன்.