எக்ஸ்ரே அக்காவின் இரண்டு டார்ச்

முட்டைக் கிடங்கில் அவளை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். இருட்டறையில் உட்கார்ந்து, விளக்கு வாயில் முட்டையை வைத்து ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். நல்லது இந்தப் பக்கம், கீறல் விழுந்தது அந்தப் பக்கம், உள்ளே ரத்தப்பொட்டு இருந்தால் காலடி வாளியில். பத்தொன்பது வருஷமாக இதே வேலை. ஒரு முட்டைக்கு இரண்டு நொடிக்கு மேல் அவள் எடுத்துக்கொண்டதில்லை. அவள் பார்த்த தட்டில் கெட்ட முட்டை வந்தது என்று எந்தக் கடைக்காரரும் திருப்பி அனுப்பியதுமில்லை. அந்த நாற்காலியைப் பற்றி அவளுக்குக் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், கண்ணால் சம்பாதித்த கர்வம்தானே.

கிடங்கை நாலு மணிக்குத் திறப்பார்கள். ஆறு மணிக்கு லாரி கிளம்பும், அதற்குள் அத்தனை முட்டையையும் பார்த்து முடித்திருக்க வேண்டும். அந்நேரத்துக்கு பஸ் கிடையாது என்பதால் கம்பெனி வேன் ஒன்று தெருத் தெருவாக வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகும். ஒருநாள் அந்த வேனை நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு சூப்பர்வைசர் மேலே கையைக் காட்டினார். மேலே தகரக் கூரைதான் இருந்தது.

"அவங்கவங்க சொந்தமா வந்து சேருங்க. இந்த மாசம் பூரா பார்ப்பேன். மூணு தடவை லேட்டா வந்தா நாற்காலி வேற ஆளுக்குப் போயிடும். நீங்க பேக்கிங்குக்கு மாறிக்கலாம். அங்க ஒன்பது மணிக்கு வந்தாப் போதும்," என்றார்.

பேக்கிங் என்றால் நாள் முழுக்க நின்றுகொண்டு அட்டைப்பெட்டி மடிப்பது. யாரும் செய்யலாம், கண்ணை மூடிக்கொண்டும் செய்யலாம். அதுதான் எக்ஸ்ரே அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "வந்துடுவேன்," என்று மட்டும் சொன்னாள்.

சொன்னது சுலபம். வீட்டிலிருந்து கிடங்கு ஒன்பது கிலோமீட்டர். பாலம் தாண்டினால் தெருவிளக்கு கிடையாது, ஆறு கிலோமீட்டருக்குக் கும்மிருட்டு. வீட்டில் அவள் மார்க்கெட்டுக்கு ஓட்டிப்போகும் சைக்கிள் இருந்தது, விளக்கு இல்லை. முதல் நாள் பாலம் வரை ஓட்டிக்கொண்டு போனாள். அதற்கப்புறம் தன் கையே தனக்குத் தெரியவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தபோது மணி நாலு ஐம்பது. வருகைப் பதிவேட்டில் சூப்பர்வைசர் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார்.

அவள் வீட்டுக்காரர் சலூன் வைத்திருக்கிறார். வாய் ஓயாமல் பேசுகிற தொழில், ஆனால் கடையில் பேசித் தீர்த்துவிடுவதால் வீட்டுக்கு மிச்சம் கொஞ்சம்தான் வரும். அந்தக் கொஞ்சத்தையும் அன்றைக்கு அவர் செலவழித்தார்.

"பேக்கிங்தான் போயேன். வெயில் வந்தப்புறம் கிளம்பலாம். இந்த வயசுல இருட்டுல சைக்கிள் என்னத்துக்கு?"

"நீங்க கத்திரியைப் போட்டுட்டு முடி கூட்டுற வேலைக்குப் போவீங்களா?"

சலூன்காரர் எழுந்து போய் அவள் சைக்கிளுக்குக் காற்று அடித்தார். மனுஷன் நியாயத்துக்குக் கட்டுப்பட்டவர்.

சைக்கிள் கடையில் அதற்கென்றே செய்த விளக்கு இருந்தது. அதன் விலையைக் கேட்டவள், அந்தக் காசுக்கு இன்னொரு பழைய சைக்கிளே வாங்கிவிடலாம் என்று வெளியே வந்துவிட்டாள். எதிரில் எலெக்ட்ரிக் கடையில் எல்.இ.டி. டார்ச்சுகள் விதவிதமாகத் தொங்கின. விலையும் கைக்கு அடக்கம். கடைக்காரர் நாலைந்தை எடுத்துப் போட்டார். எக்ஸ்ரே அக்கா பையிலிருந்து ஒரு முட்டையை எடுத்தாள்.

"ஏம்மா, ரோட்டைப் பார்க்க டார்ச் கேட்டீங்களா, முட்டையைப் பார்க்கவா?"

"வெளிச்சம்னா எல்லாம் ஒண்ணுதாங்க."

ஒவ்வொரு டார்ச்சாக முட்டைக்குப் பின்னால் வைத்துப் பார்த்தாள். முன்பக்கத்தை இழுத்தால் ஒளி குவிகிற மாதிரி ஒன்று இருந்தது. அதில் மஞ்சள் கரு அசைவது வரை துல்லியமாகத் தெரிந்தது. பத்தொன்பது வருஷ அனுபவம் சொன்னால் மறுபேச்சு ஏது? அதையே வாங்கிக்கொண்டு வந்து கைப்பிடியில் கயிற்றால் கட்டினாள்.

பழக்கதோஷம் என்பது இதுதான். முட்டைக்கு வெளிச்சம் ஒரே இடத்தில் குவிய வேண்டும். சாலைக்கு விரிய வேண்டும். மறுநாள் அந்த டார்ச் தூரத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பளீரென்று வட்டம் போட்டது, அவள் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள். வட்டத்துக்கு வெளியே எதுவும் இல்லை என்கிற நினைப்பு. மதகுக்குப் பக்கத்தில் சாலை ஓரம் உடைந்து ஒரு குழி இருந்தது, அது அந்தத் தட்டுக்குள் வரவில்லை. சைக்கிள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், டார்ச் இன்னொரு பக்கம். விழுந்த அதிர்ச்சியில் டார்ச் படபடவென்று மின்ன ஆரம்பித்து, அணைக்க அணைக்க மின்னிக்கொண்டே இருந்தது. முழங்கை தோல் உரிந்து, முட்டி வீங்கி, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று எழுந்தாள். நாலு இருபத்தைந்து. இரண்டாவது சிவப்புக் கோடு.

"இன்னும் ஒண்ணுதான்," என்றார் சூப்பர்வைசர். அப்போது மாதத்தில் இருபத்தேழு நாள் பாக்கி.

பக்கத்து வீட்டில் இருக்கும் நாத்தனாருக்குச் செய்தி எட்டாமல் இருக்குமா? மருந்து எடுத்துக்கொண்டு வந்தாள், கூடவே வாயையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணி, உங்களுக்கு முட்டைக்குள்ள இருக்கிறது தெரியுது, முன்னால இருக்கிற குழி தெரியல பாருங்க."

எக்ஸ்ரே அக்காவுக்குச் சுருக்கென்றது. மருந்து பட்டதைவிட அதுதான் எரிந்தது. ஆனால் நாத்தனார் சொன்னதில் விஷயம் இருந்தது என்பதும் அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. சலூன்காரர் மூலையில் உட்கார்ந்து அவள் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். போகாதே என்று இந்தத் தடவை சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே மறுபடி எலெக்ட்ரிக் கடைக்குப் போனாள்.

"ஷட்டரை இறக்குங்க," என்றாள்.

"வியாபார நேரம்மா இது."

"அஞ்சு நிமிஷம். இருட்டு வேணும் எனக்கு."

ஐந்து நிமிஷம் ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைக்காரர் கொடாக்கண்டன் என்றால் அவள் விடாக்கண்டன். காலியான பல்பு பெட்டிகளைத் தரையில் மூன்றடியில் ஒன்று, ஆறடியில் ஒன்று, கடைக்கோடிச் சுவரோரம் ஒன்று என்று வைத்தாள். கைப்பிடி உயரத்துக்கு ஸ்டூலில் டார்ச்சை வைத்து, பின்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். சுவரில் எவ்வளவு பளிச்சென்று விழுகிறது என்பதை இந்தத் தடவை அவள் கவனிக்கவே இல்லை. தரையில் ஓரத்துப் பெட்டி தெரிகிறதா என்று மட்டும் பார்த்தாள்.

"இது பத்தாயிரம் லூமன் வெளிச்சம், பெட்டியிலயே போட்டிருக்கான் பாருங்க," என்றார் கடைக்காரர்.

"முட்டைத் தட்டு மேல நல்ல முட்டைன்னு எழுதி அனுப்பினா, அதை நம்பி நான் பார்க்காம விட்டுடுவேனா?"

பல்பைச் சுற்றிக் கண்ணாடிபோல வழவழப்பான குழிவு உள்ள டார்ச்சுகள் நடுவில் மட்டும் அடித்தன. உள்குழிவு ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாக இருந்த ஒன்றில் வெளிச்சம் சீராகப் பரவி, ஓரத்துப் பெட்டியும் தெரிந்தது. அதோடு விட்டாளா? கிடங்கில் சந்தேகமான இரண்டு முட்டைகளை ஒன்றோடொன்று மெல்லத் தட்டி, ஓசையை வைத்தே கீறல் கண்டுபிடிப்பார்கள். அந்த மாதிரி ஒவ்வொரு டார்ச்சையும் உள்ளங்கையில் தட்டினாள். சின்ன பேட்டரி மூன்றைக் கூட்டில் அடுக்கிய டார்ச்சுகள் தட்டத் தட்ட அணைந்தன, இல்லாவிட்டால் மின்ன ஆரம்பித்தன. குழியில் விழுந்தபோது நடந்தது இதுதான் என்று புரிந்தது. சொரசொரப்பு டார்ச்சில் ஒரே ஒரு பெரிய சார்ஜ் பேட்டரி, இரண்டு முனையிலும் ஸ்பிரிங். இருபது தட்டுத் தட்டினாள், அசையவில்லை. பார்க்க அழகாகவும் இல்லை, இருக்கிறதிலேயே விலை குறைவும் அதுதான்.

"இதுல ரெண்டு குடுங்க."

"ஒரே மாதிரி ரெண்டா? பெருசா ஒண்ணு வாங்கிக்கலாமே."

"பெருசு ஒண்ணு நின்னுபோச்சுன்னா நான் நடுரோட்டுல நிக்கணும். இது ஒண்ணு நின்னா இன்னொண்ணு இருக்கு."

ஷட்டரைத் தூக்கியபோது வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள். கடைக்காரர் அவர்களிடம் என்ன சொல்லிச் சமாளித்தாரோ, அது அவர் பாடு.

பஞ்சர் கடையில் கிழிந்த டியூப் ஒன்றை வாங்கிவந்து பட்டையாக வெட்டி, இரண்டு டார்ச்சையும் கைப்பிடியில் இறுக்கிக் கட்டினாள். ஒன்று பத்தடி முன்னால் தரையைப் பார்த்தது, இன்னொன்று கொஞ்சம் தூரத்தை. எதிரே வருகிறவர்கள் கண் கூசாமலிருக்க தகரத் துண்டை வளைத்து இரண்டுக்கும் மேல் தொப்பி நெற்றிபோல மறைப்பு வைத்தாள். மூன்று மணி ஐந்துக்கு வீட்டை விட்டுக் கிளம்பினாள். பாலம் தாண்டியதும் இருட்டு வந்தது, ஆனால் இந்தத் தடவை சாலையும் வந்தது. இரண்டு ஓரமும் தெரிந்தது. மதகுக் குழி முன்கூட்டியே தெரிந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போகும்போது அவளுக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. மூன்று ஐம்பதுக்குக் கிடங்கு வாசலில் நின்றாள்.

அப்புறம் நாள் ஓடியது. மழை பெய்த இரண்டு நாள் ஐந்து நிமிஷம் முன்னதாகக் கிளம்பினாள். ஒரு நாள் தூரத்தைப் பார்க்கும் டார்ச் நின்றுபோனது, தரையைப் பார்க்கும் டார்ச்சில் போய்ச் சேர்ந்தாள். பேக்கிங்குக்கு மாறிவிட்ட இரண்டு பேர் "உனக்குப் பயமே இல்லையா அக்கா?" என்று கேட்டபோது, "இருட்டுல தனியாப் போய்ப் பழகிடுச்சு," என்றாள். அதைச் சொல்வதில் அவளுக்கு ஒரு ருசி இருந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே இருந்தது.

மாதத்தின் கடைசி நாளுக்கு முந்தின நாள், மதகைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்பாள், பின்னால் தடாலென்று ஒரு சத்தம். தொடர்ந்து ஒரு "ஐயோ". அந்தக் குரலை அவள் இருபத்திரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஒரு டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். குழியில் அவள் விழுந்த அதே இடத்தில் சலூன்காரர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய சைக்கிள், விளக்கில்லாதது. மட்கார்டு கடகடக்காமலிருக்கப் பழைய துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார்.

"இங்க என்ன பண்றீங்க?"

"சும்மா, வந்தேன்."

"எத்தனை நாளா?"

அவர் கணுக்காலைத் தடவிக்கொண்டார். "நீ விழுந்ததுக்கு மறுநாள்லேருந்து. கிடங்கு வாசல் வரைக்கும் வருவேன். அங்கேயே தள்ளி ஒரு மரத்தடியில உட்கார்ந்து விடிஞ்சப்புறம் வீட்டுக்குப் போவேன். உன் வெளிச்சத்தைப் பார்த்துக்கிட்டே வர்றதால ஒண்ணும் தெரியல. இன்னிக்குக் கொஞ்சம் பின்தங்கிட்டேன்."

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இத்தனை நாள் பெருமை அத்தனையும் ஒரு நொடியில் கரைந்துபோனது மாதிரி இருந்தது. அடுத்த நொடி, இருபத்தாறு நாளாக இந்த மனுஷன் தூங்கவில்லை என்பது உறைத்து, கோபம் போன இடம் தெரியவில்லை.

"எழுந்திருங்க, வீட்டுக்குப் போகலாம்."

"நீ போ," என்றார் சலூன்காரர். "இன்னிக்கு லேட்டானா நான் இத்தனை நாள் முழிச்சது வீணாப் போயிடும்."

அவள் டார்ச்சை அவர் கையில் வைத்தாள். "விடிஞ்சப்புறம் மெல்லப் போங்க. நாளைக்கு வர வேண்டாம்."

"நாளைக்குத்தானே கடைசி நாள்."

"அதனாலதான் சொல்றேன். வராதீங்க. எனக்குத் தெரியணும்."

அவர் டார்ச்சால் அவள் சைக்கிள் நின்ற பக்கம் காட்டினார். அவள் ஒற்றை டார்ச்சில் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று ஐம்பத்தொன்பது.

மறுநாள் அவள் கிளம்பும்போது அவர் போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு படுத்திருந்தார். தூங்கவில்லை என்று தெரியும். வீங்கின கணுக்கால் போர்வைக்கு வெளியே இருந்தது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு புறப்பட்டாள்.

பாலம் தாண்டியதும் பயம் பிடித்துக்கொண்டது. அதே இரண்டு டார்ச், அதே சாலை, ஆனால் முதுகு சில்லிட்டது. மதகுக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஒரு காலை ஊன்றி, திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. காது கொடுத்துக் கேட்டாள், தவளைச் சத்தம்தான். திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு எண்ணம் எட்டிப் பார்த்தது. போனால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. நாற்காலி மட்டும் போகும். அவள் பெடலை மிதித்தாள். முதல் பத்து மிதியை எண்ணி எண்ணி மிதித்தாள். அப்புறம் எண்ண அவளுக்கு நேரமில்லை, சாலை வந்துகொண்டே இருந்தது.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு அவள் கையெழுத்துப் போட்டாள். சூப்பர்வைசர் பதிவேட்டைப் புரட்டி, மாதம் முழுவதும் விரலால் தடவிக்கொண்டு வந்தார்.

"ரெண்டு லேட்டுதான். நாற்காலி உங்களுக்குத்தான்," என்றார்.

"அந்த போனைக் கொஞ்சம் குடுங்க," என்றாள் எக்ஸ்ரே அக்கா.

வீட்டில் முதல் மணி முழுசாக அடிக்கக்கூட இல்லை, எடுத்துவிட்டார்.

"வந்துட்டேன்," என்றாள்.



"தனியாவா?"

"தனியாத்தான்."