பிச்சை என்று கூப்பிட்ட பிள்ளை

வாணியை எனக்குப் பிடிக்காது. கிள்ளானில் எங்கள் ஆஸ்பத்திரிக் குழந்தைகள் பிரிவில் யாருக்குமே பிடிக்காது. இருபத்தாறு வருடம் நர்ஸ் வேலை பார்த்த மிஸ்ஸி. அதில் பாதியை யாரையாவது திட்டியே கழித்திருப்பாள். பண்டமாரானிலிருந்து பழைய மோட்டாரில் வருவாள். ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே ஒரு குறை சொல்லிவிடுவாள். அவள்மேல் வந்த புகார்களுக்கென்றே மேட்ரனிடம் தனி ஃபைல் உண்டு.

புது டாக்டர் என்ற மரியாதையும் கிடையாது. நான் சேர்ந்த முதல் வாரமே ஒரு தாயின் எதிரில், “இப்படிக் கேட்டா எவ சொல்லுவா, டாக்டர் மாதவி?” என்று முகத்தில் அடித்தாற்போல் கேட்டாள். நான் பூச்சோங்கில் சொகுசாக வளர்ந்தவள், தமிழ்ச் சனங்களைப் பற்றி ஒன்றும் தெரியாதவள் என்று மற்ற மிஸ்ஸிகளிடம் சொல்லித் திரிந்ததும் என் காதுக்கு வந்தது. அது உண்மை என்பதால் இன்னும் அதிகமாக எரிந்தது.

அன்று காலை சீதாலெட்சுமி என்ற பெண் பதினாலு மாதப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கூடவே அவள் நாத்தனார் இராஜம்மா. இரண்டு நாளாகக் காய்ச்சல், வாந்தி, பால்கூட இறங்கவில்லை. பையன் பிரவின் துவண்டு தோளில் கிடந்தான். நான் காலேஜில் படித்தபடி வரிசையாகக் கேட்டேன். பிறந்த எடை, போட்ட ஊசி, ஒத்துக்கொள்ளாத மருந்து.

“மொத்தம் எத்தனை பிள்ளைங்க?”

“ஒண்ணுதான் டாக்டர்.”

“குடும்பத்துல யாருக்காவது பெரிய நோய்?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல,” என்று இராஜம்மா முந்திக்கொண்டாள்.

விரலில் குத்திப் பார்த்த சர்க்கரை கொஞ்சம் குறைவாக இருந்தது. சாப்பிடாத பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். வயிற்றுக் கிருமி என்று எழுதி, தண்ணீரில் கலக்கிக் கொடுக்கும் உப்புப் பொடியோடு வீட்டுக்கு அனுப்பத் தயாரானேன்.

சீதாலெட்சுமி பையனின் கன்னத்தைத் தட்டினாள். “பிச்ச, கண்ணத் தொறடா. வீட்டுக்குப் போலாம்.”

மூலையில் பஞ்சு அடுக்கிக்கொண்டிருந்த வாணி அப்படியே போட்டுவிட்டு வந்தாள். பையனின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். மூக்கின் வலப் பக்கம் குத்தி ஆறிய சின்னத் தழும்பு இருந்தது.

“இவனுக்கு முன்னாடி எத்தன போச்சு?” என்று கேட்டாள்.

இராஜம்மா கொதித்து எழுந்தாள். “என்னா மிஸ்ஸி பேச்சு இது? சீக்குப் பிள்ளைய வச்சிக்கிட்டு சாவப் பத்திப் பேசுற? வாயக் கழுவு!”

“கழுவிக்கிறேன். மொதல்ல பதில் சொல்லுங்க.”

எனக்கும் கோபம் தலைக்கேறியது. “வாணி, போதும்லா. வெளிய போங்க.”

“நீங்க சும்மா இருங்க டாக்டர். முன்னாடி பொறந்தது தங்கலன்னாதான் அடுத்ததுக்குப் பிச்சைன்னு பேரு வச்சு மூக்கு குத்துவாங்க. இதுகூடத் தெரியாம என்னா கேள்வி கேக்குறீங்க?”

“புகார் எழுதுறேன். உன் பேரு என்னா?” என்றாள் இராஜம்மா.

“வாணி. மூணு சுழி. தப்பில்லாம எழுதுங்க.” சொல்லிவிட்டுப் போய்க் கதவை மறித்து நின்றாள். “நீ சொல்லும்மா. எந்த வயசுல? எப்படி?”

சீதாலெட்சுமி வாணியை வெறுப்போடு பார்த்தாள். “பொண்ணு. ஒண்ணே கால் வயசு. இதே மாதிரி காச்ச, வாந்தி. ரெண்டு நாளு ஒண்ணும் சாப்புடல. தூங்குனா. அப்புறம் எழுந்திரிக்கல.”

“சொல்லாதன்னு சொன்னேன்ல!” என்று இராஜம்மா கத்தினாள். “சொன்னா போன பொண்ணு இவனையும் கூப்பிட்டுக்கும்!”

மறுபடி பையனின் விரலில் குத்தினேன். சர்க்கரை பாதியாக இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றி, பெரிய டாக்டரைக் கூப்பிட்டு, இரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினோம். பட்டினியைத் தாங்க முடியாத பிறவிக் கோளாறு, கூடப் பிறந்தவர்களுக்கும் வரக்கூடியது என்று முடிவு வந்தது. வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அன்று இராத்திரி அவனும் தூங்கியே போயிருப்பான். அனுப்ப இருந்தது நான்.

நாலாம் நாள் பையன் தட்டைக் கவிழ்த்து அழிச்சாட்டியம் செய்யும் அளவுக்குத் தேறிவிட்டான். எனக்கு நன்றி சொன்னார்கள். வாணிமேல் புகார் கொடுத்தார்கள்.

“ஏன்மா அன்னைக்கு மறைச்சீங்க?” என்று சீதாலெட்சுமியிடம் கேட்டேன்.

“நான் எங்க மறைச்சேன்? எத்தன பிள்ளைன்னு கேட்டீங்க. இருக்கிறதத்தானே சொல்லுவாங்க?”

வாணிமேல் கொடுத்த புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமே என்றேன்.

“மாட்டேன் டாக்டர். அவ மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்.” பையனை இழுத்து மடியில் இருத்திக்கொண்டாள். “மூணு வருஷத்துக்கு முன்னாடி எம் பொண்ணு மலரத் தூக்கிட்டு இதே ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தேன். பொடியக் குடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. கதவ மறிச்சிக்கிட்டு நிக்க அன்னைக்கு எங்க போனா அவ?”