முன்தோள்காரன்

மீனாள் போன் செய்தபோது நான் திருச்சி அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். "அண்ணே, எங்க இருக்கீக? உடனே இங்குட்டு வாங்கண்ணே. அவுக போயிட்டாக" என்றாள். அவுக என்றது அவள் கணவன், என் சேக்காளி சொக்கலிங்கம். எங்கள் இருவருக்கும் ஒரே வயது, கோவிலூர்தான் ஊர், கோலூன்றித் தாண்டுவதுதான் பைத்தியம். டப்பாவை அப்படியே மூடிவிட்டுப் பேருந்து ஏறினேன்.

காரைக்குடி மைதானத்தில் அவனைப் பார்த்தவர்களுக்கு, அவன் தாண்டியதைவிட நாங்கள் நடந்து வந்ததுதான் அதிகம் நினைவிருக்கும். கோலை நாங்கள் கம்பு என்போம். அவ்வளவு நீளத்தை எந்தப் பேருந்தில் ஏற்றுவார்கள்? எல்லாக் கம்புகளையும் ஒரே கட்டாகக் கட்டி, முன்னால் அவன் தோள், பின்னால் என் தோள் என்று நடந்தே போவோம். ஒவ்வொரு தடவையும் "தூக்கலாமாடா?" என்று கேட்பான். நான் "தூக்கு" என்ற பிறகுதான் தூக்குவான். "பின்னால வர்றவனுக்கு வழி தெரியாதுடா. அவனைக் கேட்டுட்டுத்தான் தூக்கணும்" என்பான்.

டீக்கடையில் கேலி செய்வார்கள். "எந்த வீட்டுக்குத் தம்பி ஒட்டடை அடிக்கப் போறீக?"

"பெரிய வீடுண்ணே. கூரையே கிடையாது" என்பான் சொக்கு.

அந்தக் கூரையும் ஒருநாள் கிடைத்தது. வெளிநாட்டில் நடந்த சர்வதேச உள்ளரங்கத் தடகளப் போட்டிக்கு இருவரும் தேர்வானோம். அங்கே ஓடுதளம், தரையிலிருந்து உயர்த்திய பலகை மேடை. மேடையில் செருப்போடு ஏறி நமக்கு ஏது பழக்கம்? பெயரைக் கூப்பிட்டதும் ஸ்பைக் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தான். பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெறுங்காலோடு ஏறிவிட்டான். நடுவர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். அத்தனை பேர் பார்க்க, உட்கார்ந்து மறுபடி ஷூ மாட்டினான். நான் சிரித்த சிரிப்பில் எனக்கே வயிறு வலித்தது.

சிரிப்பு நிலைக்கவில்லை. கடைசி வாய்ப்பில் என் கம்பு முறிந்தது. முறிந்தால் மறு வாய்ப்பு உண்டு. ஆனால் எங்கள் இருவரின் மற்றக் கம்புகளும் விமானத்தில் வந்து சேரவில்லை. அதே உயரத்தில் அவனுக்கும் கடைசி வாய்ப்புதான் பாக்கி. தன் கம்பை நீட்டினான். "ரெண்டு பேருக்கும் ஒரே எடைதானடா. பிடி."

"இதுவும் முறிஞ்சா நீ என்ன செய்வே?"

"முறிஞ்சா பாத்துக்குவோம். ஓடு."

நான் தாண்டினேன். பிறகு அதே கம்போடு அவன் ஓடினான். முழங்கால் உரசியது. குறுக்குச்சட்டம் ஆடியது, ஆடிக்கொண்டே இருந்தது, அவன் மெத்தையில் விழுந்து அண்ணாந்து பார்த்த பிறகு விழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவனோ, "ரொம்ப நேரம் யோசிச்சுட்டுல்ல விழுந்துச்சு!" என்று எழுந்து வந்தான்.

மதுரை ஆஸ்பத்திரியில் அவன் படுத்திருந்த நாட்களில் எனக்கு அந்தச் சட்டம்தான் ஞாபகம். புற்றுநோய். ஒரு நாள் இட்லி கேட்பான், மறுநாள் கண் திறக்க மாட்டான். ஆடினாலும் நின்றுவிடும் என்றே நம்பினேன். வேண்டாத சாமி இல்லை. பாழாய்ப்போன சாமிகள்!

கோவிலூரில் நான் இறங்கி ஓடியபோது பாடை கட்டி முடித்திருந்தார்கள். பச்சை மூங்கில். நாங்கள் முதன்முதலில் தாண்டிப் பழகியதும் மூங்கிலில்தான். மீனாள் என்னைப் பார்த்ததும், "உங்க சேக்காளியைப் பாருங்கண்ணே" என்று கதறினாள். அவன் சித்தப்பா என் கையைப் பிடித்து, "முன்னால வாப்பா" என்றார். எனக்கு முன்னால் நிற்கத் தெரியாது. பின்னால் போய்த் தோள் கொடுத்துக் குனிந்து நின்றேன்.

அவன் கம்பை மீனாள் என்னிடம் கொடுத்திருக்கிறாள். அதைவிட, அவன் கேட்கிற அந்தக் கேள்விதான் எனக்கென்று மிஞ்சியிருக்கிறது. அன்று அதற்காகத்தான் குனிந்தபடி காத்திருந்தேன். கேட்காமலே தூக்கிவிட்டார்கள். நான் இன்னும் "தூக்கு" என்று சொல்லவில்லை, சொக்கு.