சுவரில் மாட்டிய கம்பளிகள்

குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன அம்மா, பேசிப் பதிந்து அனுப்பிய முதல் கேசட்டை எங்கள் தேயிலைத் தோட்டத்து லயமே, சுவரோடு சுவர் ஒட்டிய அத்தனை வீடுமே, கூடிக் கேட்டது. யார் வீட்டுக்கு வெளிநாட்டுக் கேசட் வந்தாலும் அப்படித்தான். ஒளித்துவைத்துக் கேட்டால் கோபித்துக்கொள்வார்கள்.

அதைக் கேட்கவென்றே மாமா கேசட் ரேடியோவோடு சேர்த்து மாட்ட ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தார். யட்டியாந்தோட்டை பஜாரில் ரேடியோ திருத்துகிறவர். மாற்றலாகிப் போன தோட்டத்து மேனேஜர் துரை, பங்களாவில் விட்டுப்போன ஸ்பீக்கர் அது. முன்பக்கம் ஒன்று, முதுகுப்பக்கம் இரண்டு என்று அதற்கு மூன்று வாய்.

"இது சுவத்தப் பாத்துப் பேசுற சாமான் மச்சான். பின்னால போற சத்தம் சுவத்துல பட்டுத் திரும்புனாத்தான் ஷோக்கா இருக்கும். சுவத்துல ஒண்ணும் மாட்டிப்புடாதீங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். சொன்னது உண்மைதான். அம்மா அடுப்படியில் நின்று பேசுவதுபோலவே இருந்தது.

இரண்டாவது கேசட் வந்த அன்று அப்பா யாரையும் கூப்பிடவில்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, வீட்டிலிருந்த கம்பளிகளும் அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போகையில் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கும் சுவர் முழுக்க ஆணியில் தொங்கின. அப்பா சத்தத்தைக் குறைத்து, அம்மா என்னை "சாப்பிட்டியா தங்கம்?" என்று கேட்கிற இடம்வரை போட்டுக் காட்டினார்.

"அவ்வளவுதாம்மா" என்று நிறுத்திவிட்டார்.

அம்மாவின் குரல் உப்பில்லாத கஞ்சி மாதிரி இருந்தது. எனக்கு வந்ததே ஆத்திரம்! மாமா அத்தனை தடவை சொல்லியும் இந்த மனுஷனுக்குப் புத்தி இல்லையே என்று அப்பாவை மனதுக்குள் ஏசினேன். எனக்கு எட்டு வயது. வாய் மட்டும் எண்பது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா பஜாருக்குப் போனதும் கம்பளிகளையெல்லாம் இழுத்துப் போட்டேன். பெட்டியை வெறும் சுவருக்கு நேராக வைத்து, சத்தத்தைக் கடைசிவரை திருகினேன்.

அம்மா வந்துவிட்டாள். தலைக்கு மேலே, முதுகுக்குப் பின்னால், எங்கள் ஒற்றை அறைக் காம்பரா முழுக்க அம்மா. சாப்பிட்டியா என்று கேட்டாள். அதற்கப்புறமும் பேசினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"என்னைய எப்படியாச்சும் கூப்பிட்டுக்கங்க. கையில சூடு வச்சிட்டாங்க. பாஸ்போட்டையும் குடுக்க மாட்டேங்குறாங்க. லயத்துல யாருக்கும் தெரிய வேணாங்க. புள்ளைக்குத் தெரியவே வேணாம்."

அம்மா மூக்கை உறிஞ்சுவதுகூடத் துல்லியமாகக் கேட்டது. எனக்கு அதில்தான் சந்தோஷம். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மா "ஐயோ, தங்கச்சி!" என்று அலறியபோது, சத்தத்தைக் கெடுக்கிறாளே என்று எரிச்சல்தான் வந்தது.

அப்பா திரும்பியபோது வாசலில் லயத்துப் பெண்கள் நின்றார்கள். உள்ளே வந்து பெட்டியை நிறுத்தினார்.

"எது வரைக்கும் கேட்ட?"

"முழுசாக் கேட்டேம்ப்பா. அம்மா பக்கத்துல நிக்கிற மாதிரியே இருந்துச்சு. கம்பளியக் கழட்டுனதும் சரியாயிருச்சு, பாத்தீங்களா?"

என்னை மெச்சுவார் என்று நின்றேன். அவர் மரக்கறிப் பையைக்கூடக் கீழே வைக்காமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதார்.

கம்பளியைக் கழற்றியதற்காகத்தான் அழுகிறார் என்று நினைத்தேன். பாவமாகப் போய்விட்டது. முக்காலியைப் போட்டு ஏறி, ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப மாட்ட ஆரம்பித்தேன்.