நான் புதைக்கப் பார்த்த கறுப்பு அணில்

எழுபதுகளின் நடுப்பகுதியில், மெல்போனில், நான் வேலைக்கு நடந்து போகிற வழியில் இருந்த ஒரு பூங்காவில் நடந்தது இது.

நான் அஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்டவன். கப்பலில் எஞ்சின் துடைக்க ஏறி, வெல்டிங்கைக் கண்ணால் பார்த்தே பழகி, பிறகு இந்த ஊரிலேயே மூன்று பட்டறைக்கு முதலாளியானவன். எனக்குத் தெரியாத விஷயம் இல்லை என்றுதான் அந்த நாளில் நினைப்பு. முழுக்கப் பொய் என்றும் சொல்ல ஏலாது.

பொழுதுபடுகிற நேரம் அந்தப் பூங்கா மரங்களில் கறுகறுவென்று, அடர்ந்த வாலோடு, பூனையளவில் ஒரு பிராணி ஏறித் திரியும். "இந்த நாட்டு அணில். இங்கே எல்லாமே பெரிசுதானே" என்று நம்மாட்களுக்கு நான்தான் விளக்கம் சொல்லிவைத்தேன்.

ஒருநாள் காலை அதில் ஒன்று மரத்தடியில் செத்துக் கிடந்தது. நாய் கடித்திருக்க வேணும். இராமர் தடவிவிட்ட சாதியல்லவா, அப்படியே விட்டுப் போக மனம் கேட்கவில்லை. கிடந்த தகரத் துண்டை எடுத்துக் குழி தோண்டினேன். கூட வந்த அறைச் சினேகிதனுக்குச் சிரிப்பு.

"அண்ணை, வேலைக்கு நேரம் போகுது. முப்பத்தோராம் நாள் அந்திரட்டிக் கிரியையும் செய்வியளோ?"

"புண்ணியத்தில உனக்கும் பங்கு வரும். பேசாமல் நில்லடா."

குழியில் வைத்து இரண்டு கை மண் போட்டிருப்பேன். இலை கூட்டிக்கொண்டு நின்ற வெள்ளைக்காரத் தோட்டக்காரர் கத்திக்கொண்டு ஓடிவந்து என்னைப் பிடித்துத் தள்ளினார். நிறத்தைப் பார்த்துத்தான் அடிக்க வருகிறார் என்று நானும் கையை ஓங்கிவிட்டேன். மனுசன் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. முழந்தாளிட்டுக் குழி மண்ணை வழித்தெறிந்தார். அதன் வயிற்றில் விரலை விட்டு, ஒரு பையை விரித்துக் காட்டினார்.

உள்ளே குட்டி! எலியளவுதான். செத்த தாயின் முலையைக் கவ்வியபடி காலை உதைத்துக்கொண்டு கிடந்தது.

வயிற்றில் பையா? உயிரோடேயா? இன்னும் நாலு கை மண் விழுந்திருந்தால்?

"அணில் இல்லை, பொசம். கங்காரு மாதிரிப் பையில் குட்டி வளர்க்கும். செத்துக் கிடந்தால் முதலில் பையைப் பார்க்க வேணும்" என்று அவர் சொன்னதில் பாதிதான் அப்போது விளங்கியது. தாயோடு சேர்த்துக் குட்டியைத் தன் கோட்டில் சுற்றிக்கொண்டு போனார். அன்றைக்கு நான் வைத்த வெல்டிங் கோணல். அதற்கு முன்னும் பின்னும் என் கையால் அப்படி நடந்ததேயில்லை.

சில வாரம் கழித்துத் தோட்டக்காரர் என்னைக் கூப்பிட்டு, சட்டைக்குள்ளிருந்து குட்டியை எடுத்துக் காட்டினார். கறுப்பு மயிர் முளைத்திருந்தது. தொடச் சொன்னார். எனக்குத் துணிவு வரவில்லை.

பாவம் செய்யப் போய்த் தப்பியவர்கள் இருப்பார்கள், நான் புண்ணியம் செய்யப் போய்ப் பாவத்தில் விழாமல் தப்பினவன். அதனால்தான் இந்த வயதிலும், ஒருவருக்கு நல்லது செய்கிறேன் என்று இறங்கும்போது, ஒருக்கால் நன்றாகக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் கையை வைக்கிறேன்.